நிழலில் நீலம்

மரக்காணம்
14.9.1973

சேசு மரி சூசை துணை.

அன்பு மச்சான் இன்னாசிராஜுக்கு மாமா இராயப்பன் எழுதுவது.

இங்கே நான், உன் அக்கா சூசைமேரி, லீமா மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். அந்தப் பாலைவனத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா, ரொட்டி உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது. மாதா கோயிலில் உனக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்களா என்று கேட்கவில்லை.

விஷயம் இதுதான். போன கிறிஸ்மஸுக்கு நீ பாலைவனப் பாறைகளை எண்ணெய் வர்ணத்தில் போட்டு நாலு அட்டை அனுப்பினாயே, அவற்றைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். பெரிய முதலியார்சாவடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்கார அம்மா ஒருத்தி தன் வாசல் கேட்டுக்கு ஒரு போர்டு எழுதச் சொல்லி வந்தாள். போர்டை மறந்துவிட்டு அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது யார் போட்டது?" என்றாள். "எங்க வீட்டுல போட்டதுதாங்க" என்றேன். பொய்யில்லையே, நீ நம் வீட்டுப் பிள்ளைதானே.

ஆரோவில் பக்கம் புதிதாக ஒரு மண்டபம் கட்டுகிறார்களாம். அதன் சுவர்களுக்கு இதே பாறைகளை ஆள் உயரத்துக்கு வரைந்து தரவேண்டுமாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கடை போர்டும் லாரி எழுத்தும் தெரியும், எனாமல் பெயின்ட் தெரியும். இந்த எண்ணெய் வர்ணத்தின் குணம் தெரியாது. எதை முன்னால் பூசுவது, எதைப் பின்னால் பூசுவது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுது. இன்னும் பத்து அட்டை போட்டு அனுப்பு.

உன் அக்கா உப்பளத்திலிருந்து வந்து படுத்தால் எழுந்திருப்பதில்லை. அதனால் தனியாக எழுதவில்லை, விசாரித்ததாகச் சொன்னாள்.

மாமா,
ம. இராயப்பன்


முகாம், பார்மேர்
ராஜஸ்தான்
5.10.1973

மாமாவுக்கும் அக்காவுக்கும் இன்னாசிராஜின் வணக்கம். லீமாவுக்கு முத்தங்கள்.

உடம்புக்குக் குறையில்லை. மூக்கிலும் காதிலும் மணல், அவ்வளவுதான். பகலெல்லாம் முகாமில் கிணறுகளுக்கு வரைபடம் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகக் கோயில் இல்லாததால் பாறைக்குப் போகிறேன்.

ஆறு மணிக்கு வர்ணப் பெட்டியோடு உட்கார்ந்தால் எட்டரை வரைதான் வேலை. ஒன்பதுக்கு மேல் நிழல் சுருங்கிப் பாறை தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். அட்டையின் பின்னால் தேதி, மணி, வெயில் வந்த பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஈர அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மூலைக்கு மூலை தீக்குச்சி வைத்துக் கட்டியிருக்கிறேன். வர்ணத்தில் மணல் ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். வெளியில் போடுவது வெறும் குறிப்பு, அறைக்குள் போடுவதுதான் படம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஒரு விதி மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு. அது நன்றாகக் காய்ந்தபின் மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெயைக் கூட்டவேண்டும். இதைத் தலைகீழாக்கினால் அடியில் இருக்கிற எண்ணெய் காயாமல் அசைந்துகொண்டே இருக்கும், மேல்பூச்சு இறுகி வெடிக்கும். முதலில் பளபளவென்று இருக்கும், மழைக்காலம் வந்தால் படம் போய்விடும்.

இரண்டு கோரிக்கை. படத்தின் மூலையில் உங்கள் பெயரோடு என் பெயரும் இருக்கவேண்டும். அக்காவை உப்பளத்திலிருந்து நிறுத்தவேண்டும். அப்பா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசிய நாளில் அவள்தான் எங்களுக்கு அரைத்துக் கொடுப்பாள். பிரஷ் கழுவ உதவியாக வைத்துக்கொள்ளுங்கள். அவளை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புள்ள,
இன்னாசிராஜ்


மரக்காணம்
2.12.1973

சேசு மரி சூசை துணை.

மச்சானுக்கு, இங்கே புயல் மழையில் வீட்டு ஓடு நாலு பறந்ததைத் தவிர வேறு சேதமில்லை. அங்கே குளிர் என்று ரேடியோவில் சொன்னார்கள், கம்பளி வாங்கிக்கொள்.

அட்டைகள் வந்தன. முதல் படம் முடிந்து போய்விட்டது. ஆறடிக்கு நாலடி. பிரெஞ்சுக்கார அம்மா முன்னால் போய் நின்று பார்த்தாள், பின்னால் போய் நின்று பார்த்தாள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே வியப்பாக இருந்தது. இன்னும் நாலு படம் கேட்டிருக்கிறாள்.

நீ சொன்னபடி உன் அக்காவை உப்பளத்திலிருந்து நிறுத்தியாயிற்று. பழைய உப்புக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து அதில்தான் வேலை நடக்கிறது. வெளியாட்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். சூசைமேரி பிரஷ் கழுவுகிறாள். ராணி மாதிரி நிழலில் இருக்கிறாள்.

ஒரு சந்தேகம். எட்டாவது அட்டையில் தூரத்துப் பாறையின் அடி மங்கியிருக்கிறதே, அது புழுதியா, வெயில் தெறிப்பா? புழுதி என்றால் கீழே மஞ்சள் கூடவேண்டும், தெறிப்பு என்றால் வெள்ளை கூடவேண்டும், எது என்று தெரியாமல் கை ஓடவில்லை. உடனே எழுது.

மாமா,
இராயப்பன்


முகாம், பார்மேர்
28.12.1973

மாமாவுக்கு, எல்லோருக்கும் பிறப்புத் திருநாள் வாழ்த்து. இங்கே கிறிஸ்மஸ் அன்று நானும் ஒட்டகக்காரரும் பீடி குடித்தோம். அதுதான் கொண்டாட்டம். அங்கே லீமாவுக்குப் புதுப் பாவாடை எடுத்தீர்களா?

எட்டாவது அட்டையில் இருப்பது புழுதி. நல்ல கேள்வி கேட்டீர்கள். லாரிக்கு எழுதுகிற கையிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

குளிரில் இருமல் விடவில்லை, விரல் மரத்துப் பிரஷ் கீழே விழுகிறது. விடுமுறை நாளில் எங்கே சுற்றுகிறாய் என்று மேலதிகாரி ஏசுகிறார். இருந்தும் பன்னிரண்டு அட்டை அனுப்புகிறேன். பெயர் விஷயம் என்ன ஆயிற்று? நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அக்காவும் எழுதவில்லை. ராணிகள் பேனா பிடிக்கக் கூடாதா?

அன்புள்ள,
இன்னாசிராஜ்


மரக்காணம்
20.2.1974

சேசு மரி சூசை துணை.

மச்சானுக்கு, வீட்டில் யாவரும் சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா?

இதோடு அழைப்பிதழ் ஒன்று வைத்திருக்கிறேன். பாண்டிச்சேரி அச்சு, வழவழ தாள். 'பாலைப் பாறைகள், ஓவியர் ம. இராயப்பன்' என்று போட்டிருக்கிறது பார். உன் பெயரைச் சேர்க்கலாம் என்றுதான் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் சரிவராது. வெளியில் போடுவது குறிப்பு, அறைக்குள் போடுவதுதான் படம் என்று நீயே எழுதினாய். மளிகைச் சீட்டு எழுதியவன் பெயரைக் கல்யாணச் சமையலுக்குப் போடுவார்களா? கிணற்றுக்குப் படம் போடுகிற ஆள் என்று தெரிந்தால் அவர்கள் விலகிப் போய்விடுவார்கள். உன் அக்காவும் அதையேதான் சொன்னாள், "அவன் அனுப்புறது வெறும் குறிப்புதானே" என்று. கோபித்துக்கொள்ளாதே. உனக்குச் சம்பளம் இருக்கிறது. எனக்கு இதுதான்.

இப்போது பெரிய படம். பத்தடி. மண்டபத்தின் நடுச் சுவருக்கு. ஈஸ்டருக்குள் முடிக்கவேண்டும். இந்தக் கடல் காற்றில் பூச்சு காயவே மாட்டேன் என்கிறது. சீக்கிரம் காய்கிற வழி ஏதாவது இருந்தால் எழுது. அட்டையும் அனுப்பு.

மாமா,
இராயப்பன்


முகாம், பார்மேர்
10.3.1974

அன்புள்ள மாமாவுக்கு, இருமல் போய்விட்டது. இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. அங்கே தவக்காலம் ஒழுங்காக நடக்கிறதா? லீமா படிக்கிறாளா?

அழைப்பிதழ் அழகாக இருக்கிறது. கூடாரத்தில் என் கட்டிலுக்கு நேராகக் குத்தி வைத்திருக்கிறேன், காலையில் கண் விழித்ததும் பார்க்கிறேன். பெயர் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உங்கள் பெயரே இருக்கட்டும். அந்தப் படத்தால் வருவதெல்லாம் உங்கள் பெயருக்கே வரட்டும்.

சீக்கிரம் காய்கிற வழி கேட்டீர்கள். பாறைகளைப் போட இங்கே வந்த ஒரு ஜெர்மன்காரரிடம் கற்றுக்கொண்டேன். முன்னால் நான் எழுதிய விதியை மறந்துவிடுங்கள், அது பள்ளிக்கூடப் பாடம். அடியில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்துக் கெட்டியாக அப்புங்கள். மேலே தோல் கட்டினால் போதும், நாலு நாள். அதன்மேல் டர்பன்டைன் மட்டும் கலந்த வர்ணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் இழுங்கள். பாறையின் சொரசொரப்பு தானாக வரும், மறுநாளே காய்ந்துவிடும். பளபளப்பைப் பார்த்து ஊரே அசந்துபோகும்.

ஆறு அட்டை அனுப்புகிறேன். அக்காவிடம் நான் அனுப்புவது வெறும் குறிப்புதான் என்பதை ஒப்புக்கொண்டேன் என்று சொல்லுங்கள்.

அன்புள்ள,
இன்னாசிராஜ்


மரக்காணம்
18.4.1974

தம்பி இன்னாசிராஜுக்கு அக்கா எழுதுவது. ஆண்டவர் உயிர்த்த வாரத்தில் உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து இளைத்திருக்கிறது.

உப்பளத்தில் என்னோடு சுமந்த பொன்னி திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அவளிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். இங்கே போட்டால் அவர் கைக்குப் போய்விடும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அந்தப் படங்களைப் போடுவது அவரல்ல, நான். முதல் நாள் அவர் எனாமல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு முழித்தார். "இங்க குடுங்க" என்று வாங்கினேன். அன்றிலிருந்து கொட்டகையில் இருக்கிறேன். பொம்பிளை போடுகிறாள் என்று தெரிந்தால் மானம் போகுமாம், வெளியில் சங்கிலி போட்டுவிடுகிறார். மேலே தகரம், சித்திரை வெயில். சாயங்காலம் அவர் குடித்துவிட்டு வந்து வேலையைப் பார்ப்பார். குறைவாக இருந்தால் அடிப்பார். வலது கையில் மட்டும் அடிக்கமாட்டார்.

நீ அனுப்பியதை வெறும் குறிப்பு என்று நான் சொல்லவில்லை தம்பி. அது அவர் சொன்னது. முதல் கட்டைப் பிரித்தபோது நான் அழுதேன். பெருமுக்கல் மலையைத் தவிர நான் எந்தப் பாறையைப் பார்த்தேன்? உன் கண்ணால் பார்த்தேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், அக்கா திமிராகப் பேசுகிறாள் என்று நினைக்காதே. நீ நிழலுக்குக் கறுப்பைப் போடுகிறாய். பத்து வருஷம் உப்புக் குவியலைப் பார்த்தவள் நான். கண் கூசும் வெயிலில் நிழல் கறுப்பாக இருக்காது, வானத்து நீலம் அதில் இறங்கியிருக்கும், அடியில் துளி ஊதா. நான் அப்படித்தான் போட்டேன். அந்த அம்மா அந்த நீலத்தில் விரல் வைத்து "இந்த இடத்தில்தான் படம் மூச்சு விடுது" என்றாளாம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் இல்லாதபோது ஒருநாள் வந்தாள். பலகை இடுக்கு வழியாக என் கையில் பிரஷ்ஷைப் பார்த்தாள். "நீதானா?" என்றாள். தலையாட்டினேன். அவள் சொன்னது இதுதான். இந்தப் பக்கத்துக் கடல் காற்றில் எண்ணெய்ப் படம் நிற்காது என்று மண்டபம் கட்டுகிற மற்றவர்கள் சண்டை போடுகிறார்களாம். பெரிய படம் மூன்று மாதம் சுவரில் பழுதில்லாமல் நிற்கட்டும், அப்புறம் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லி, அவர்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுக்கிற வேலையும், எனக்கும் லீமாவுக்கும் குடியிருக்க ஓர் அறையும் தருவாள். நான் இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம் தம்பி. எனக்கு முப்பத்தி நாலு வயது. முதல் தடவையாக ஒரு தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதிய புது முறையில்தான் பெரிய படத்தை முடித்தேன். முன்னால் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று யோசித்தேன். என் தம்பி சொன்னால் காரணம் இருக்கும் என்று செய்தேன். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மே 31-ஆம் தேதிதான் எடுத்துப் போகிறார்கள். ஏதாவது திருத்தவேண்டும் என்றால் அதற்குள் எழுது. சுரண்டிவிட்டு மறுபடி போடச் சொன்னாலும் போடுவேன், நாள் இருக்கிறது. ஒன்றுமில்லை என்றால் எழுதவேண்டாம், உனக்கு எதற்கு அலைச்சல். எழுதினால் பொன்னி வீட்டு விலாசத்துக்குப் போடு.

உன் நெற்றியில் சிலுவை போட்டு,
அக்கா சூசைமேரி


முகாம், பார்மேர்
3.5.1974

மாமாவுக்கு, நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே புழுதிக் காற்று தொடங்கிவிட்டது.

நாலு அட்டை அனுப்புகிறேன். ரயில் ஸ்டிரைக் வரப்போகிறது என்கிறார்கள், எப்போது வந்து சேருமோ தெரியாது. இந்தத் தடவை நிழலைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

பெரிய படம் முடிந்திருக்கும். மேல்பூச்சு காய்ந்ததா? வேறு ஒன்றுமில்லை. நாலு நாளாகத் தூக்கம் சரியாக வரவில்லை, வெயில்தான் காரணம். அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புள்ள,
இன்னாசிராஜ்


முகாம், பார்மேர்
12.6.1974

மே/பா பொன்னி, மரக்காணம்.

என் அன்பு அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. நீயும் லீமாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ ஏப்ரலில் போட்ட கடிதம் இந்த மாதம் எட்டாம் தேதிதான் என் கைக்கு வந்தது. எல்லாம் ஸ்டிரைக் செய்த வேலை. படித்துவிட்டுத் திகைத்துப் போனேன். என்னிடமே மறைத்துவிட்டாயே. பெருமையாகவும் இருக்கிறது. முன்பே கிடைத்திருந்தால் ஒன்றிரண்டு யோசனை சொல்லியிருப்பேன். இப்போது படம் சுவருக்குப் போயிருக்கும். கடவுள் சித்தம். நீலம் பற்றி நீ சொன்னது புதிதாக இருக்கிறது, இனிமேல்தான் கவனித்துப் பார்க்கவேண்டும்.

மாமாவைப் பகைத்துக்கொள்ளாதே. மூன்று மாதம் பொறுத்துக்கொள்.

அன்புத் தம்பி,
இன்னாசிராஜ்


மரக்காணம்
6.10.1974

தம்பிக்கு, நீ உடம்பைப் பார்த்துக்கொள். லீமா நன்றாக இருக்கிறாள். என்னைப் பற்றிக் கேட்காதே என்று எழுதலாம் என்றால் உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

படம் போய்விட்டது.

மூன்று மாதம் முடியுமுன்னே, ஆவணி பிறந்ததும் முதல் மழை விழுந்தது. பாறையின் முகத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு வந்ததாம். ஒரு வாரத்தில் மேல்தோல் முழுக்க வெடித்துச் சில்லுச் சில்லாகக் கீழே இறங்கிவிட்டது. அடியிலிருந்து எண்ணெய் கசிந்து சுவரில் வழிந்தது. அதைக் காட்ட அவரையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மண்டபத்தில் முப்பது பேர். பிரெஞ்சுக்கார அம்மா தரையில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவரை ஓவியர், ஓவியர் என்று பிடித்துக்கொண்டார்கள். உடனே என்னை முன்னால் தள்ளிவிட்டார். "நான் வரையலைங்க. எல்லாத்தையும் இவதான் வரைஞ்சா, சூசைமேரி, என் பொண்டாட்டி. கேட்டுக்குங்க. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று கத்தினார்.

அத்தனை பேர் காதிலும் என் பெயர் விழுந்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வர்ணத்தோட அடிப்படை தெரியாத கைக்காக நான் இனிமே எப்படிப் பேசறது?" என்றாள். அழுதாள். போன வாரம் அவள் ஊருக்கே போய்விட்டாள். மற்ற நாலு படங்களையும் இறக்கிவிட்டார்கள். அவை உன் பழைய விதிப்படி போட்டவை, ஒரு கீறல் இல்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை.

லீமாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். நான் மறுபடி உப்பளத்துக்குப் போகிறேன். இப்போதெல்லாம் அவர் வலது கை, இடது கை என்று பார்ப்பதில்லை. பிரஷ்களை அடுப்பில் போட்டுவிட்டார்.

உன் முறையில் தப்பிருக்காது. நான்தான் எங்கேயோ தவறு செய்திருப்பேன். தோல் கட்டுவதற்குள் இழுத்துவிட்டேனா, எண்ணெய் கூடிவிட்டதா என்று உப்பு வாரும்போதெல்லாம் யோசிக்கிறேன். எங்கே தப்பு என்று நீ சொன்னால் மனம் ஆறும். இனி போடப்போவதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்கா
சூசைமேரி


முகாம், பார்மேர்
9.11.1974

அக்காவுக்கு, தம்பி எழுதுவது. உன் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பைத் தேற்றிக்கொள்.

நீ கேட்டதால் சொல்கிறேன். அவசரம்தான் காரணமாக இருக்கும். தோல் சரியாகக் கட்டியதா என்று அழுத்திப் பார்த்திருக்கமாட்டாய். பத்தடிப் படம் பழகிய கைக்கே சிரமம். சுரூபத்துக்கு வர்ணம் அரைத்த பழக்கத்தை வைத்து இதில் இறங்கியிருக்கக் கூடாது. உன்னைக் குறை சொல்லவில்லை, முறையாகப் படிக்காதது உன் குற்றமா? உன் கடிதம் அப்போதே கிடைத்திருந்தால் நானே தடுத்திருப்பேன். ஸ்டிரைக் குறுக்கே வந்துவிட்டது. இதுவும் நம் தலையெழுத்து.

இங்கே கூட்டிக்கொள்ளலாம் என்றால் முகாமில் பெண்கள் தங்க இடமில்லை. ஒரு நல்ல செய்தி. ஜோத்பூரில் என் அட்டைகளைப் பார்வைக்கு வைத்தார்கள். பரிசு கிடைத்திருக்கிறது. லீமாவுக்கு ஏதாவது வாங்கி அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
இன்னாசிராஜ்


மரக்காணம்
20.12.1974

இன்னாசிராஜுக்கு,

நானும் லீமாவும் இருக்கிறோம். நீ நன்றாக இருப்பாய்.

சாக்கு தேடிக் கொட்டகைக்குள் போனேன். மூலையில் நீ கடைசியாக அனுப்பிய பார்சல் கிடந்தது. ஸ்டிரைக் முடிந்து வந்ததை அவர் கயிறுகூட அவிழ்க்காமல் போட்டிருக்கிறார். மேலே உங்கள் ஊர்த் தபால் முத்திரை, மே 4. பிரித்தேன். நாலு அட்டை, மூலைக்கு மூலை தீக்குச்சி. பின்பக்கம் உன் கையெழுத்தில் 'ஏப்ரல் 28, ஞாயிறு, காலை ஏழு மணி'.

நாலிலும் நிழல் நீலமாக இருக்கிறது. அடியில் துளி ஊதா.

இத்தனை வருஷம் நீ போட்ட நிழலெல்லாம் கறுப்பு. நீலத்தைப் பற்றி நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதினேன். அது உனக்கு ஜூன் எட்டாம் தேதி கிடைத்தது என்று எழுதியிருந்தாய். படத்தை எடுத்துப் போகும்வரை எனக்கு முப்பது நாள் இருந்தது. ஒரு கார்டில் 'சுரண்டு' என்று ஒரு வார்த்தை போதும்.

ஏன் என்று கேட்டு நான் எழுதவில்லை. கொட்டகையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அட்டைகளைப் பார்த்தேன். ஜோத்பூரில் பரிசு வாங்கியதும் இந்த நீலமாகத்தான் இருக்கும். நன்றாக வந்திருக்கிறது. மூன்றாவது அட்டையில் இடது ஓரத்தில் மட்டும் கூடிவிட்டது, அங்கே மணலின் மஞ்சள் நிழலுக்குள் ஏறவேண்டும். அடுத்த தடவை குறைத்துக்கொள்.

நாலையும் திருப்பி அனுப்புகிறேன். தீக்குச்சி வைத்துத்தான் கட்டியிருக்கிறேன், ஒன்றுக்கும் சேதம் வராது. லீமாவுக்கு எதுவும் வாங்கி அனுப்பவேண்டாம். பொன்னி வீட்டுக்கு இனி கடிதம் போடாதே.

திருநாள் வருகிறது. வேளைக்குச் சாப்பிடு.

சூசைமேரி